குளிர்காற்று மருந்தாக இருந்த காலம் – கணித மேதை இராமானுஜனின் கடைசி ஆண்டுகள்

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் பெயரைக் கேள்விப்படாத மாணவி நம் பள்ளியில் இருக்க மாட்டாள். ஆண்டுதோறும் டிசம்பர் 22ஆம் நாள் கணித நாளாகக் கொண்டாடப்படும்போது, அவருடைய படத்துக்கு மாலையிட்டு, அவர் கண்ட எண்களின் விந்தைகளைப் பேசுகிறோம். அந்த விந்தைகளை விளக்கி எழுதும் அளவுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு போதாது. ஆகவே நான் வேறொன்றை எழுதத் துணிந்தேன். அவர் இவ்வுலகில் வாழ்ந்தது 32 ஆண்டுகள். அவற்றில் கடைசி மூன்று ஆண்டுகள் நோயாளியாகவே கழிந்தன. அந்த நாட்களில் அவருக்கு அளிக்கப்பட்ட சிகிச்சையை இன்று எந்த மருத்துவரும் எழுதித் தருவதில்லை. திறந்த ஜன்னல், குளிர்காற்று, படுக்கை, சத்துணவு இவையே அன்றைய மருந்து. அந்தச் சிகிச்சையின் கதையும் இராமானுஜனின் கதையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாயாரின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாச அய்யங்கார் ஒரு துணிக்கடையில் கணக்கர். தாய் கோமளத்தம்மாள். இரண்டு வயதில் அவரைப் பெரியம்மை கண்டது, பிழைத்துக்கொண்டார். டவுன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, 1903ஆம் ஆண்டு கார் என்பவர் எழுதிய கணிதச் சூத்திரத் தொகுப்பு ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதன்பின் வேறு பாடங்கள் அவர் மனத்தில் ஏறவில்லை. கும்பகோணம் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். (நம் அம்மாக்கள் இந்த வரியை மட்டும் படித்துவிட்டு நம்மைத் திட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.) சென்னையில் படித்துக்கொண்டிருந்த 1906ஆம் ஆண்டில் அவருக்குக் கடுமையான சீதபேதி வந்தது. இந்தச் செய்தியைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது மிகவும் தேவைப்படும்.

1909இல் கரூர் அருகே உள்ள இராஜேந்திரம் என்ற ஊரைச் சேர்ந்த ஜானகியை மணந்தார். ஜானகி அப்போது பத்து வயதுச் சிறுமி. வேலை இல்லை, காகிதம் வாங்கப் பணம் இல்லை, சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து அழித்துக் கணக்குப் போட்டார் என்பது எல்லாரும் அறிந்த செய்தி. 1912ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் சூத்திரங்களைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். ஹார்டி வியந்து அழைத்தார். முதலில் தயங்கினாலும், அடுத்த ஆண்டு தாயாரின் சம்மதத்துடன் குடுமியைக் களைந்து, 1914 மார்ச் 17ஆம் நாள் ‘நெவாசா’ என்ற கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார்.

அதே கப்பலில் டாக்டர் சௌரி முத்து என்ற மருத்துவரும் பயணம் செய்தார். பெயரைக் கேட்டாலே நம் பக்கத்துப் பெயர் என்று தெரியும். இவர் காசநோய் மருத்துவத்தில் பேர் பெற்றவர். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில், வெல்ஸ் என்ற ஊருக்கு அருகே சானடோரியம் ஒன்றை நடத்தி வந்தார். காசநோயும் சானடோரியச் சிகிச்சையும் பற்றி 1910லேயே ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். வெள்ளைக்காரர்களுக்கு அவர்கள் நாட்டிலேயே ஓர் இந்தியர் சிகிச்சை நிலையம் வைத்து நடத்தியது அந்தக் காலத்தில் சிறிய செய்தி அல்ல. அந்தக் கப்பலில் வந்த 26 வயது இளைஞர் மூன்று ஆண்டுகளில் தம்முடைய நோயாளியாக வந்து சேர்வார் என்று அவர் எண்ணியிருக்க முடியாது.

சானடோரியம் என்றால் என்ன என்பதை இங்கே சொல்ல வேண்டும். காசநோயை நம் தாத்தா பாட்டிமார் எலும்புருக்கி நோய் என்றும் க்ஷயரோகம் என்றும் சொல்வார்கள். 1882ஆம் ஆண்டு இராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய மருத்துவர் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆனால் கிருமி தெரிந்ததே தவிர, அதைக் கொல்லும் மருந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர்தான் வந்தது. அதுவரையில் மருத்துவர்கள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் செய்து பார்த்தனர். நாம் அறிந்த சிறுமலர் தெரேசம்மாள் 1897இல் 24ஆம் வயதில் காசநோயால் இறந்தபோது, பழுக்கக் காய்ச்சிய ஊசியால் முதுகில் சூடு போடுவதும் ஒரு சிகிச்சையாக இருந்தது. அவரும் அதைப் பொறுத்துக்கொண்டார். நுரையீரலுக்கு ஓய்வு தருவதற்காக நெஞ்சுக் கூட்டில் காற்றைச் செலுத்தி அதைச் சுருங்கச் செய்வது இன்னொரு முறை.

இவற்றையெல்லாம்விட மென்மையாகத் தோன்றியது சானடோரியம். 1850களில் ஜெர்மனியின் சைலீசியா மலைப்பகுதியில் ஹெர்மன் பிரெமர் என்ற மருத்துவர் முதல் சானடோரியத்தைத் தொடங்கினார். பட்டணத்துப் புகையிலிருந்தும் நெரிசலிலிருந்தும் விலகி, மலைக்காற்றைச் சுவாசித்து, நன்றாக உண்டு, நன்றாக ஓய்வெடுத்தால் உடம்பு தானாகவே நோயை வென்றுவிடும் என்பது கொள்கை. சுவிட்சர்லாந்து, அமெரிக்கா, இங்கிலாந்து என்று உலகெங்கும் இது பரவியது. இந்தியாவில் 1906இல் ஆஜ்மீர் அருகே திலோனியாவில் ஒன்று எழுந்தது. குளிர்காலத்திலும் இரவும் பகலும் ஜன்னல்கள் திறந்தே இருக்கும். கணப்பு மூட்டமாட்டார்கள். காய்ச்சல் உள்ளவர் அசையாமல் படுத்திருக்க வேண்டும். சற்றுத் தேறியவர் அளவாக நடக்கலாம், வேலை செய்யலாம், மூச்சுப் பயிற்சி செய்யலாம். பால், முட்டை, இறைச்சி ஏராளமாகக் கொடுப்பார்கள். இதனால் பலர் உடல் தேறியதும் உண்மை. சானடோரியத்தைச் சுலபமாகக் கேலி செய்துவிடக் கூடாது. அந்த மருத்துவர்களிடம் வேறு ஆயுதமே இல்லை.

இப்போது இராமானுஜனிடம் திரும்புவோம். அவர் கேம்பிரிட்ஜ் சேர்ந்த சில மாதங்களில், 1914 ஆகஸ்டில், முதல் உலகப் போர் மூண்டது. சைவ உணவு தவிர வேறெதையும் தொடாத அவர், டிரினிடி கல்லூரி அறையில் தாமே சமைத்து உண்டார். ஊரிலிருந்து தபாலில் வந்த புளியும் பிற பண்டங்களும் போரினால் தடைப்பட்டன. காய்கறியும் பழமும் அங்கே அருகின. கணக்கில் மூழ்கிவிட்டால் முப்பது மணி நேரம் தொடர்ந்து வேலை செய்வார். பிறகு அயர்ந்து தூங்குவார். பசித்தபோது உண்ணுவதும் இல்லை.

குளிர் அவரை எப்படி வாட்டியது என்பதற்கு ஒரு செய்தி சொல்வார்கள். பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலநோபிஸ் அப்போது அங்கே மாணவர். அவர் ஒருநாள் இராமானுஜனின் அறைக்குச் சென்றபோது, இரவெல்லாம் குளிரில் நடுங்கியதாகவும், மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைப் போர்த்திப் படுப்பதாகவும் இராமானுஜன் சொன்னார். மகலநோபிஸ் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் பல மெத்தைக்கடியில் செருகப்பட்டு அப்படியே இருந்தன! அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது கும்பகோணத்துப் பிள்ளைக்குத் தெரியவில்லை. சித்திரை மாதத்தில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுக்கும் விருதுநகர்ப் பெண்களாகிய நமக்கும் அது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். இப்படிப்பட்டவரைத்தான் விதி திறந்த ஜன்னல்களின் நடுவே கொண்டுபோய்ப் படுக்க வைத்தது.

1917ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவர் நோயுற்றார். விட்டு விட்டுக் காய்ச்சல், வயிற்று வலி, உடல் மெலிவு. முதலில் கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவ விடுதியில் சேர்த்தார்கள். இரைப்பைப் புண் என்றார் ஒருவர். ஈரலில் புற்று என்று ஐயப்பட்டார் வேறொருவர். முடிவில் காசநோய் என்று தீர்மானித்து மெண்டிப் குன்றுகளுக்கு, டாக்டர் சௌரி முத்துவிடமே அனுப்பினார்கள். கப்பலில் கண்ட முகம் மருத்துவராக எதிரே வந்து நின்றபோது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அங்கே அவர் நெடுநாள் தங்கவில்லை. அடுத்து டெர்பிஷயரில் உள்ள மேட்லாக் என்ற ஊரின் சானடோரியத்துக்குச் சென்றார். ஏறக்குறைய ஓராண்டு அங்கே கழிந்தது.

சானடோரியத்திலிருந்து அவர் எழுதிய கடிதம் ஒன்றின் செய்தியைப் படிக்கும்போது மனம் கலங்குகிறது. ஒரு மாதமாக ஒருநாள் கூடக் கணப்பு மூட்ட அனுமதிக்கவில்லை என்கிறார். மேல்கோட்டும் கையுறையும் அணிந்தபடியே உணவருந்த வேண்டியிருக்கிறதாம். குளியலறை மட்டுமே வெதுவெதுப்பாக இருப்பதால், தினமும் பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு அங்கே போய்க் கணக்குப் போடப் போவதாகவும், விரைவில் இரண்டு மூன்று கட்டுரைகள் அனுப்புவதாகவும் எழுதியிருக்கிறார். உலகின் தலைசிறந்த கணித அறிஞர்களில் ஒருவர், சூடு தேடிக் குளியலறைக்குள் போய் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருந்தது. அந்தச் சூத்திரங்களைவிட இதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

உணவும் சிக்கலாயிற்று. சானடோரியத்தின் சத்துணவில் பாதி அவர் தொடாதது. மீதியும் அவர் நாவுக்கு ஒத்துவரவில்லை. இங்கிலாந்தில் இருந்த இராமலிங்கம் என்ற தமிழ் எஞ்சினியர் 1918 ஜூன் மாதம் மேட்லாக் சென்று மூன்று நாட்கள் அவருடன் தங்கினார். அவர் நிலையைக் கண்டு வருந்தி ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். நல்ல காய்கறி உணவு கிடைக்க வழி செய்யவும் முயன்றார். நோயாளியோ பிடிவாதக்காரர்; சமையல்காரரோடும் மருத்துவரோடும் ஒத்துப்போகவில்லை. தவறு முழுவதும் ஒரு பக்கம் மட்டும் என்று சொல்ல முடியாது. கடலில் நீர்மூழ்கிக் கப்பல்கள் அலைந்த காலமாதலால் ஊர் திரும்பவும் வழியில்லை. வீட்டிலிருந்து கடிதங்களும் சரிவர வரவில்லை. மனைவிக்கும் மாமியாருக்கும் இடையே இருந்த பிணக்கில் ஜானகியின் கடிதங்கள் அவருக்குக் கிட்டாமலே போயின. மனம் மிகவும் தளர்ந்திருந்த நாட்கள் அவை.

அந்த நாட்களில்தான் பெருமைகளும் வந்து சேர்ந்தன. 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் டிரினிடி கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. பின்பு இலண்டன் அருகே பட்னி என்ற இடத்தில் மருத்துவ விடுதியில் இருந்தபோது, ஹார்டி வாடகைக் காரில் வந்து பார்த்தார். வண்டியின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண் என்றும் அவர் சொல்ல, படுக்கையில் கிடந்தவர் உடனே மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு விதத்தில் எழுதக் கூடிய எண்களில் அதுவே மிகச் சிறியது என்றார். 12இன் கனத்தோடு 1இன் கனத்தைக் கூட்டினாலும் 1729. 10இன் கனத்தோடு 9இன் கனத்தைக் கூட்டினாலும் 1729. தோழியரே, கூட்டிப் பாருங்கள்!

போர் முடிந்தபின் 1919 பிப்ரவரி 27இல் கப்பலேறி, ஒரு மாதத்தில் பம்பாய் வந்து இறங்கினார். எலும்பும் தோலுமாக இறங்கிய மகனைத் தாயார் வந்து அழைத்துச் சென்றார். சென்னை, காவிரிக் கரையில் கொடுமுடி, கும்பகோணம் என்று இடம் மாற்றி மாற்றி வைத்தியம் பார்த்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சந்திரசேகர அய்யர் கவனித்தார். அவரும் காசநோய் என்றே கருதினார். 1920 ஜனவரியில் சென்னைக்குத் திரும்பி வந்து, சேத்துப்பட்டில் ஒரு வீட்டில் குடியிருந்தனர். ஜானகி, அப்போது இருபது வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ, இரவும் பகலும் அருகிருந்து பணிவிடை செய்தார். வேளை தவறாமல் சோறு, எலுமிச்சைச் சாறு, மோர் கொடுப்பார். காலிலும் நெஞ்சிலும் வலி என்றால் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்த பாத்திரங்களை அவர் வெகுகாலம் பத்திரமாக வைத்திருந்தாராம். நோயாளி வலிக்கிடையிலும் காகிதம் கேட்டுக் கேட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அக்காகிதங்கள் கேம்பிரிட்ஜ் சென்று ஒரு பெட்டியில் கிடந்து, 1976இல் அமெரிக்கப் பேராசிரியர் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. காணாமற்போன நோட்டுப் புத்தகம் என்று அவற்றை உலகம் இன்று போற்றுகிறது. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் காலை இராமானுஜன் உயிர் நீத்தார். ஜானகி அம்மாள் தையல் கற்று, அத்தொழிலால் தம் காலிலேயே நின்று, 1994வரை வாழ்ந்தார். அவரைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதலாம்.

கதை இத்துடன் முடியவில்லை. 1994ஆம் ஆண்டு டாக்டர் யங் என்ற ஆங்கிலேய மருத்துவர், எஞ்சியுள்ள கடிதங்களையும் குறிப்புகளையும் ஆராய்ந்து ஒரு கருத்தை வெளியிட்டார். இராமானுஜனுக்குக் காசநோயே இல்லை, ஈரலில் அமீபாக் கிருமி தங்கியிருந்ததே காரணம் என்பது அவர் துணிபு. சென்னையில் வந்த சீதபேதி முழுவதும் தீராமல் ஈரலில் பதுங்கியிருந்து, பல ஆண்டுகள் கழித்துக் காய்ச்சலாகவும் வலியாகவும் வெளிப்பட்டிருக்கலாம் என்கிறார். இதை இனி எந்தச் சோதனையாலும் மெய்ப்பிக்க இயலாது. ஆயினும் அதில் ஒரு செய்தி நெஞ்சைச் சுடுகிறது. அமீபாச் சீதபேதிக்கு எமட்டின் என்ற மருந்தை ஊசியாகப் போடலாம் என்று 1912இலேயே லியோனார்ட் ராஜர்ஸ் என்ற மருத்துவர் நம் கல்கத்தாவில் கண்டறிந்திருந்தார். யங் சொல்வது சரியானால், திறந்த ஜன்னலருகே அவர் நடுங்கிக் கிடந்த அத்தனை இரவுகளும் வீண். மருந்து நம் நாட்டிலேயே இருந்தது. நோயின் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டால் நல்ல மருத்துவரும் நல்ல காற்றும் என்ன செய்ய முடியும்?

இதை எழுதும்போது என் பெரியம்மாவை நினைத்துக்கொள்கிறேன். சிவகாசிப் பக்கத்தில் பட்டாசு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். மூன்று மாதம் இருமினார். எங்கள் பகுதியில் பட்டாசுக்குப் போடும் வெடிப் பொடிக்கும் மருந்து என்றுதான் பெயர். மருந்துத் தூசி தொண்டையில் படிந்திருக்கிறது, வெல்லம் சாப்பிட்டால் சரியாகும் என்று எல்லாரும் சொன்னோம். அவரும் அப்படியே நம்பினார். கடைசியில் சளிப் பரிசோதனை செய்தபோதுதான் காசநோய் என்று தெரிந்தது. இராமானுஜனுக்கு இல்லாத நோயைச் சொன்னார்கள் என்றால், இங்கே இருந்த நோயை யாரும் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்க வேண்டும் என்று அரசு மருத்துவமனையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். தூசியில் வேலை செய்கிறவர்கள் இதில் மற்றவர்களைவிட முன்னால் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம். பெரியம்மா எங்கும் போய்ப் படுக்கவில்லை. ஆறு மாதம் இலவசமாகக் கிடைத்த மாத்திரைகளை வீட்டிலிருந்தே உட்கொண்டு குணமானார்.

அவர் வீட்டிலேயே இருந்து குணமடைய முடிந்ததற்கும் சேத்துப்பட்டுக்கும் தொடர்பு உண்டு. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952இல் ஐசோனியசிட் என்ற மாத்திரை நடைமுறைக்கு வந்தது. மருந்து வந்த பின்னரும், நோயாளி சானடோரியத்தில் படுத்தாக வேண்டும் என்றே உலகம் நம்பிற்று. இலட்சக்கணக்கான நோயாளிகள் உள்ள இந்தியாவில் அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? அதற்கு விடை காண 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அது அமைந்த இடம், இராமானுஜன் உயிர்விட்ட அதே சேத்துப்பட்டு. உலகச் சுகாதார நிறுவனமும் இந்திய அரசும் சென்னை அரசும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் அதில் கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை தாங்கினார்.

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 200 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும் தாதியர் கவனிப்பும் பெற்றனர். மற்றவர்கள் தங்கள் நெரிசலான வீடுகளிலேயே, கிடைத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு இருந்தனர். இருவருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. முடிவு 1959இல் வெளியாயிற்று. குணமானவர் எண்ணிக்கையில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை! வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. காற்றும் ஓய்வும் செய்யாததை மாத்திரை செய்தது. ஆனால் அதை ஒருநாளும் விடாமல் விழுங்க வேண்டும். இதைக் கேட்ட பின்னர் உலக நாடுகளின் சானடோரியங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சேத்துப்பட்டு மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

டாக்டர் சௌரி முத்து என்ன ஆனார் என்று தோழியர் கேட்கலாம். அவர் தாயகம் திரும்பி, 1928இல் சென்னைக்கு வெளியே காட்டோரமாக ஒரு சானடோரியத்தை நிறுவினார். பின்னர் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இப்போது அது நெஞ்சக நோய்களுக்கான பெரிய அரசு மருத்துவமனை. நம் ஊரிலிருந்து சென்னை எழும்பூர் செல்லும் இரயிலில் விடியற்காலையில் விழித்திருந்தால், தாம்பரம் தாண்டிய சிறிது நேரத்தில் ஜன்னல் வழியே மஞ்சள் பலகை ஒன்று தெரியும். அதில் தாம்பரம் சானடோரியம் என்று எழுதியிருக்கும்.